போய் வருகிறேன், குழந்தைகளே

விடைபெறும்போது ‘போகிறேன்’ என்று சொல்வது நம் வழக்கமன்று. ‘போய் வருகிறேன்’ என்றே சொல்வோம். வாய் தவறி ஒரு பிள்ளை ‘போகிறேன்’ என்று சொல்லிவிட்டால், வீட்டிலுள்ள முதியோர் உடனே அதைத் திருத்துவர். மீண்டும் வருவேன் என்ற உறுதிமொழி அச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. பிரெஞ்சு மொழியிலும் இந்த வேறுபாடு உண்டு. ‘அதியூ’ என்பது இறுதியாகப் பிரிவோர் சொல்வது. ‘ஓ ருவார்’ என்பது மீண்டும் காணும்வரை என்ற பொருளுடையது. புதுச்சேரியில் வாழ்ந்தவர்களுக்கு இந்த இரண்டாவது சொல் செவிக்குப் பழக்கமானதே.

1944ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள், பிரான்சு நாட்டின் ஒரு பள்ளி முற்றத்தில், காவலர் சூழ நடந்து சென்ற ஒரு துறவி தம் மாணவர்களைத் திரும்பிப் பார்த்து அந்த இரண்டாவது சொல்லையே சொன்னார். அவருடன் மூன்று சிறுவர்களும் அழைத்துச் செல்லப்பட்டனர். நால்வரில் ஒருவரும் திரும்பவில்லை. அந்த முற்றத்தில் நின்று அதைக் கண்ட மாணவர்களுள் ஒருவன், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற திரைப்பட இயக்குநனாகி, அச்சொல்லையே தலைப்பாக வைத்து 1987இல் ஒரு படம் எடுத்தான். ‘ஓ ருவார் லெஸான்ஃபான்’ என்பது அப்படத்தின் பெயர். ‘போய் வருகிறேன், குழந்தைகளே’ என்று நாம் அதைத் தமிழில் சொல்லலாம். இயக்குநர் லூயி மால்.

இப்படத்தைப் பற்றித் திரைக்கலை வல்லுநர்கள் நிரம்பப் பேசியிருக்கின்றனர். நான் அவர்களுடைய துறைக்குள் புக விரும்பவில்லை. வரலாற்றில் ஈடுபாடு உடையவன் என்ற முறையில் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நேரில் கண்ட ஒருவர், நாற்பது ஆண்டுகளுக்குப் பின், தாம் கண்டதைக் கதையாக்கிச் சொல்லும்போது அதிலிருந்து வரலாறு பெறுவது என்ன? ஏட்டில் இல்லாத எதை அது நமக்குத் தருகிறது?

முதலில் காலப் பின்னணியைக் காண்போம். 1940ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் ஜெர்மன் படைகள் பாரிஸ் நகருக்குள் புகுந்தன. ஜூன் 22இல் பிரான்சு போர்நிறுத்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. நாட்டின் வடபகுதியும் மேலைக் கடற்கரையும் ஜெர்மானியர் கைக்குச் சென்றன. எஞ்சிய தென்பகுதியில், விஷி என்னும் ஊரைத் தலைமையிடமாகக் கொண்டு, மார்ஷல் பெத்தேனின் ஆட்சி அமைந்தது. 1942 நவம்பரில் அத்தென்பகுதிக்குள்ளும் ஜெர்மன் படைகள் நுழைந்துவிட்டன.

ஆக்கிரமிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் துப்பாக்கி ஏந்திய அயல்நாட்டுச் சிப்பாயே நம் கண்முன் தோன்றுகிறான். ஆனால் பிரான்சில் நடந்த கொடுமைக்கு அச்சிப்பாய் மட்டும் போதுமானவனாக இருக்கவில்லை. யூதர்களை அரசுப் பணி முதலிய பல துறைகளினின்றும் விலக்கும் சட்டத்தை 1940 அக்டோபரில் விஷி ஆட்சியே இயற்றியது. யூதர்களின் பெயர்கள் பதிவேடுகளில் ஏறின. அடையாளச் சீட்டுகளில் யூதர் என்ற முத்திரை விழுந்தது. 1942 ஜூன் மாதம் முதல் வடபகுதியில் ஆறு வயது நிரம்பிய யூதர் ஒவ்வொருவரும் சட்டையில் மஞ்சள் நிற விண்மீன் தைத்துக்கொள்ள வேண்டும் என்று ஜெர்மானியர் ஆணையிட்டனர். அடுத்த மாதம், ஜூலை 16, 17 ஆகிய இரு நாட்களில், பாரிஸ் நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் ஏறத்தாழ 13,000 பேர் வீடு வீடாகச் சென்று பிடிக்கப்பட்டனர். அவர்களுள் 4,000க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பிடித்தவர்கள் பிரெஞ்சுக் காவலர்கள். போர் முடிவதற்குள் பிரான்சிலிருந்து சுமார் 76,000 யூதர்கள் நாடு கடத்தப்பட்டனர். அவர்களுள் 11,000க்கும் மேற்பட்டோர் சிறுவர் சிறுமியர். உயிருடன் மீண்டவர் சில ஆயிரவரே.

இந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அக்காலத்தில் பிரான்சில் வாழ்ந்த யூதர்களுள் நான்கில் மூன்று பங்கினர் உயிர் தப்பினர். பலர் தாமே எல்லை கடந்தும் ஒளிந்தும் பிழைத்தனர். பலரை உழவர் குடும்பங்களும், பள்ளி ஆசிரியர்களும், மடங்களும், மறைமுகச் சங்கங்களும் காத்தன. பொய்ப் பெயர் ஒன்று, கள்ள அடையாளச் சீட்டு ஒன்று, வாய் திறவாத அண்டை வீட்டார் ஒருவர்: ஒரு குழந்தை பிழைப்பதற்கு இவ்வளவும் தேவைப்பட்டன. இவற்றுள் ஒன்று தவறினாலும் உயிர் போயிற்று.

பாரிஸுக்குத் தென்கிழக்கே, ஃபோந்தேன்புளோக் காட்டை ஒட்டி, அவோன் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே கார்மெல் சபைத் துறவிகள் சிறுவர்களுக்கென ஓர் உறைவிடப் பள்ளி நடத்திவந்தனர். அதன் தலைவர் ழாக் அடிகளார். லூசியன் புனெல் என்பது அவருடைய இயற்பெயர். 1900ஆம் ஆண்டில், நார்மண்டிப் பகுதியில், ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். வறுமையில் வளர்ந்த அவர் நடத்திய பள்ளியிலோ பெரும்பாலும் செல்வர் வீட்டுப் பிள்ளைகளே பயின்றனர். 1940இல் போர்க் கைதியாகச் சிறிது காலம் இருந்து மீண்ட அடிகளார், பள்ளியைத் திரும்பத் திறந்தார். 1943இல் மூன்று யூதச் சிறுவர்களைப் பொய்ப் பெயர்களில் மாணவர்களாகச் சேர்த்துக்கொண்டார். மற்றொரு யூதச் சிறுவனைப் பள்ளிப் பணியாளன் போல வைத்துக்கொண்டார். மாணவர் ஒருவரின் தந்தைக்கு அவ்வூரிலேயே அடைக்கலம் தேடிக் கொடுத்தார். லூசியன் வெயில் என்ற யூத அறிஞருக்குப் பள்ளியில் ஆசிரியர் பணி அளித்தார். அறம் என்பதை அவர் மேடையில் மட்டும் பேசவில்லை. பெயர்ப் பதிவேட்டிலும், சமையலறையிலும், வகுப்பறையிலும் அதற்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தார்.

1944 ஜனவரி 15இல் கெஸ்டாப்போ என்னும் ஜெர்மன் இரகசியக் காவற்படை அப்பள்ளிக்குள் நுழைந்தது. ஹான்ஸ் ஹெல்முட் மிஷெல், மொரீஸ் ஷ்லோசர், ழாக் ஃபிரான்ஸ் ஆல்பர்ன் ஆகிய மூன்று சிறுவர்களும் அடிகளாரும் பிடிபட்டனர். அதே நாளில் ஆசிரியர் வெயிலும், அவருடைய தாயும், சகோதரியும் தம் வீட்டில் கைதாயினர். பள்ளி மூடப்பட்டது, மற்ற மாணவர்கள் வீடுகளுக்கு அனுப்பப்பட்டனர். மூன்று வாரங்கள்கூடக் கழியவில்லை. பிப்ரவரி 3ஆம் நாள் சிறுவர்களையும் வெயில் குடும்பத்தாரையும் ஏற்றிய இரயில் ஆஷ்விட்ஸ் கொலைக்களத்தை நோக்கிப் புறப்பட்டது. அவர்கள் அங்கே மாண்டனர்.

ழாக் அடிகளார் ஒரு முகாமினின்று மற்றொரு முகாமுக்கு மாற்றப்பட்டு, இறுதியில் ஆஸ்திரியாவிலுள்ள மௌத்ஹௌசனுக்கும், அதன் கிளையான கூசனுக்கும் கொண்டுபோகப்பட்டார். அங்கே பெருந்தொகையினராக இருந்த போலந்துக் கைதிகளின் துயரைக் கேட்பதற்காக அவர்களுடைய மொழியைக் கற்றார் என்று உடனிருந்தோர் கூறியுள்ளனர். 1945 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்கப் படைகள் முகாமைத் திறந்தபோது அவர் உயிருடன் இருந்தார். ஆனால் காச நோயால் உருக்குலைந்த அவ்வுடலின் எடை அப்போது 34 கிலோ மட்டுமே. ஜூன் 2ஆம் நாள் லின்ஸ் நகரத்து மருத்துவமனையில் அவர் காலமானார். அவருடைய உடல் அவோனுக்குக் கொண்டுவரப்பட்டு அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது. 1985இல் இஸ்ரேலின் யாத் வஷேம் நினைவகம், யூதர்களைக் காத்த நேர்மையாளர் வரிசையில் அவர் பெயரைச் சேர்த்துச் சிறப்பித்தது.

இதுவரை நான் கூறியது ஏடுகள் கூறும் வரலாறு. இனித் திரைப்படத்துக்கு வருவோம்.

லூயி மால் 1932ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், வட பிரான்சில், சர்க்கரை ஆலைச் செல்வம் மிக்க ஒரு குடும்பத்தில் பிறந்தார். அவோன் பள்ளியில் அந்த நிகழ்ச்சியைக் கண்டபோது அவருக்கு வயது பதினொன்று. கடலடி உலகைக் காட்டும் படத்தில் கூஸ்தோவுடன் இணைந்து பணியாற்றித் தொடங்கிய அவர், 1958இல் தம் முதற் கதைப்படத்தை வெளியிட்டார். அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பல நாடுகளில் பலவகைப் படங்கள் எடுத்தார். நம் நாட்டுக்கும் அவர் வந்ததுண்டு. 1968இல் இந்தியா முழுவதும் அலைந்து அவர் எடுத்த நீண்ட ஆவணத் தொடரில், சென்னையில் கண்டவை என்றே ஒரு பகுதி இருக்கிறது. மயிலாப்பூர்த் தேரோட்டத்தை அதில் காணலாம். நல்லதை மட்டும் காட்டிச் செல்லும் வழக்கம் அவரிடம் இல்லை. அத்தொடர் 1970இல் பி.பி.சி.யில் ஒளிபரப்பானபோது இந்திய அரசின் சினத்துக்கு ஆளாயிற்று. தம் சொந்த நாட்டையும் அவர் அவ்வாறே நோக்கினார் என்பதைக் கருதினால், அவர்மீது நமக்குள்ள மனக்குறை சற்றுக் குறையக்கூடும்.

சென்னைத் தேரையும் கல்கத்தா வீதியையும் படம்பிடித்த அந்தக் கைக்கு, தன் பள்ளி முற்றத்தைப் படம்பிடிக்கத் துணிவு வர நாற்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின. இதுவே தம் முதற் படமாக இருந்திருக்க வேண்டும் என்றும், காத்திருப்பதையே தாம் விரும்பியதாகவும் மால் கூறியிருக்கிறார். சில நினைவுகள் உடனே சொல்லிவிடக் கூடியவை. சில நினைவுகளோ மண்ணுக்குள் விழுந்த விதைபோல நெடுங்காலம் கிடந்த பின்னரே முளைக்கும்.

படத்தின் கதை எளியது. ஜூலியன் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் விடுமுறை முடிந்து பாரிஸ் இரயில் நிலையத்தில் தாயைப் பிரிகிறான். தாய் தந்த முத்தம் அவன் நெற்றியில் உதட்டுச் சாயமாகப் பதிந்திருக்கிறது. பனி மூடிய உறைவிடப் பள்ளிக்கு அவன் திரும்பும்போது, ழான் பொன்னே என்ற புதிய மாணவன் வந்து சேர்கிறான். பொன்னே கணக்கில் வல்லவன். பியானோ வாசிப்பதில் அதனினும் வல்லவன். அதுவரை வகுப்பில் முதல்வனாக இருந்த ஜூலியனுக்குப் பொறாமை எழுகிறது. மற்ற மாணவர்கள் புதியவனைச் சீண்டுகின்றனர். படுக்கைகள் வரிசையாக இடப்பட்ட கூடத்தில் ஒரு நள்ளிரவு ஜூலியன் கண்விழிக்கிறான். இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றிவைத்துப் பொன்னே தனியே வழிபாடு செய்வதைக் காண்கிறான். பின்னொரு நாள் அவனுடைய புத்தகத்தில் அழிக்கப்பட்டிருந்த பெயரைக் கூர்ந்து படிக்கிறான்: ழான் கிப்பல்ஸ்டைன்.

யூதன் என்றால் யார் என்று ஜூலியன் தன் அண்ணனைக் கேட்கிறான். பன்றி இறைச்சி உண்ணாதவன் என்று விடை வருகிறது. அவ்வளவுதானா? அவ்வளவுக்காகவா ஒருவன் தன் பெயரை மறைக்க வேண்டும்? இக்கேள்விக்குப் படத்தில் யாரும் விடை சொல்லவில்லை. விடை சொல்ல முடியாத கேள்வி அது. குழந்தை கேட்டதனால்தான் அதன் அறிவின்மை, அதாவது அக்கொடுமையின் அறிவின்மை, நமக்குத் தெளிவாகப் புலப்படுகிறது.

இரகசியத்தை அறிந்தபின் ஜூலியன் மாறுகிறான். பொறாமை மெல்ல நட்பாகிறது. காட்டில் புதையல் தேடும் விளையாட்டின்போது இருவரும் வழி தவறி, இருட்டில் நடுங்கி அலைகின்றனர். சாலையில் வந்த ஜெர்மன் சிப்பாய்களே அவர்களைக் கண்டெடுத்துக் கம்பளி போர்த்திப் பள்ளியில் கொண்டுவந்து சேர்க்கின்றனர். வண்டியைக் கண்டதும் பொன்னே ஓட முயன்றதன் காரணம் அந்தச் சிப்பாய்களுக்குத் தெரியாது. ஜூலியனுக்கும் நமக்கும் தெரியும். விமானத் தாக்குதலுக்கு அஞ்சி எல்லாரும் நிலவறைக்குள் இறங்கிவிட்ட நேரத்தில், இவர்கள் இருவரும் ஒரே பியானோவின் முன் அமர்ந்து களிப்புடன் வாசிக்கின்றனர். இரவில் கைவிளக்கின் ஒளியில் ஆயிரத்தோர் இரவுக் கதைகளைப் படிக்கின்றனர். ஒவ்வோர் இரவும் கதை சொல்லித் தன் உயிரை மறுநாள் வரை நீட்டித்துக்கொண்ட பெண்ணின் கதை அது என்பதை நேயர்கள் நினைவுகூர வேண்டும்.

இப்படத்தில் இரு காட்சிகள் வரலாற்று மாணவனுக்குச் சிறந்த பாடங்கள் என்று கருதுகிறேன்.

முதலாவது, உணவு விடுதிக் காட்சி. பிள்ளைகளைக் காண வந்த ஜூலியனின் தாய், அவனையும் அண்ணனையும் பொன்னேயையும் ஒரு நல்ல விடுதிக்கு அழைத்துச் செல்கிறாள். அங்கே பண்புமிக்க யூத முதியவர் ஒருவர் தனியே அமர்ந்து உணவருந்துகிறார். மிலிஸ் என்னும் படையினர் சிலர் உள்ளே வந்து அவரை அவமதித்து வெளியேறச் சொல்கின்றனர். இந்த மிலிஸ் 1943 ஜனவரியில் விஷி ஆட்சி அமைத்த படை. அதில் இருந்தோர் பிரெஞ்சுக்காரர்களே. விடுதியில் சிலர் எதிர்த்துக் குரல் கொடுக்கின்றனர். சிலர் முதியவரை வெளியேற்றும்படி கூவுகின்றனர். முடிவில் அப்படையினரை வெளியே போகச் சொல்பவன், அடுத்த மேசையில் குடித்துக்கொண்டிருந்த ஒரு ஜெர்மன் அதிகாரி. அவன் அறம் கருதிச் செய்தானா, அழகிய பெண்மணி ஒருத்தி பார்த்திருக்கிறாள் என்பதற்காகச் செய்தானா என்பது தெரியவில்லை. நல்லவர் ஒரு பக்கம், தீயவர் ஒரு பக்கம் என்று கோடு கிழித்து வரலாற்றைக் கற்பிக்கும் நூல்கள் பல. அக்கோடு நாட்டின் எல்லையில் ஓடவில்லை, ஒரே விடுதியின் மேசைகளுக்கு இடையே ஓடியது என்பதை அக்காட்சி சில நிமிடங்களில் விளக்கிவிடுகிறது.

இரண்டாவது, சமையலறைப் பணியாளன் ஜோசப்பின் கதை. கால் ஊனமுற்ற ஏழை இளைஞன் அவன். செல்வச் சிறுவர்கள் வீட்டிலிருந்து வரும் பழப்பாகையும் பிற பண்டங்களையும் அவனிடம் கொடுத்து, அஞ்சல் தலையும் சிகரெட்டும் வாங்கிக்கொள்கின்றனர். அவர்கள் அவனை ஏளனமும் செய்கின்றனர். இந்தக் கள்ள வாணிகம் வெளிப்படும்போது, அதில் பங்கு கொண்ட மாணவர்களுக்குக் கடுஞ்சொல்லும் சிறு தண்டனையும் கிடைக்கின்றன. ஜோசப்போ வேலையிழந்து, போக்கிடம் இல்லாமல், அழுதுகொண்டே வெளியேறுகிறான். தாம் செய்வது அநீதி என்பதைப் பள்ளித் தலைவரே உணர்ந்திருக்கிறார். படத்தில் ழான் அடிகளார் என்று பெயர் பெறும் அவர், பெற்றோர் கூடிய கோவிலில் செல்வரின் தன்னலத்தை அஞ்சாது கண்டித்துப் பேசியவர். ஆனால் அன்று அவரும் எளியவன் தலையிலேயே தண்டனையைச் சுமத்துகிறார். அந்த ஜோசப்தான் பின்னர் கெஸ்டாப்போவிடம் செய்தி சொல்கிறான். தன்னைக் கண்டு திகைத்து நிற்கும் ஜூலியனிடம், உங்களோடு வாணிகம் செய்திராவிட்டால் எனக்கு இந்த நிலை வந்திராது என்று சொல்கிறான்.

அவன் செய்தது பெரும் பாவம். அதை மன்னிக்குமாறு படம் நம்மைக் கேட்கவில்லை. ஆயினும் அப்பாவம் எந்த மண்ணில் வேர்விட்டது என்பதைக் காட்டத் தயங்கவுமில்லை. இதே கருத்தை மால் முன்னரே, 1974இல், ‘லகோம்ப் லூசியன்’ என்ற படத்தில் எடுத்தாண்டிருந்தார். எதிர்ப்பியக்கத்தில் சேர முயன்று மறுக்கப்பட்ட ஒரு நாட்டுப்புற இளைஞன், ஜெர்மானியரின் கையாளாக மாறும் கதை அது. பிரான்சில் அப்படம் பெரும் வாதங்களை எழுப்பியது. கொடியவர்கள் தனியொரு இனமாகப் பிறப்பதில்லை. புறக்கணிப்பிலும் அவமானத்திலும் சில சமயம் உருவாக்கப்படுகின்றனர் என்ற உண்மை, வென்ற பின் தன்னைத் தூயது என்று எண்ணிக்கொள்ள விரும்பும் எந்தச் சமுதாயத்துக்கும் கசப்பானதே.

இனிப் படத்தின் உயிர்நிலையான அந்தக் கணத்தைக் காண்போம். கணக்கு வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது. கெஸ்டாப்போ அதிகாரி உள்ளே வந்து, ழான் கிப்பல்ஸ்டைன் யார் என்று கேட்கிறான். யாரும் பேசவில்லை. அதிகாரி சுவரில் மாட்டியுள்ள போர்ப் படத்தை நோக்கித் திரும்பி, அதிற் குத்தியிருந்த கொடிகளைப் பிடுங்குகிறான். அந்த ஒரு நொடியில் ஜூலியன், நண்பன் பத்திரமாக இருக்கிறானா என்ற கவலையால், தலையைத் திருப்பிப் பொன்னேயைப் பார்க்கிறான். அதிகாரி அப்பார்வையைக் கண்டுகொள்கிறான். அது போதுமானதாக இருந்தது. பொன்னே அமைதியாக எழுந்து, அருகிலிருந்த தோழர்களுடன் கைகுலுக்கி வெளியேறுகிறான். பிறகு பெட்டி கட்டும் வேளையில், எப்படியும் என்னைப் பிடித்திருப்பார்கள் என்று ஜூலியனுக்கு அவனே ஆறுதல் கூறுகிறான்.

அன்பின் பார்வையே காட்டிக்கொடுக்கும் பார்வையாக மாறிவிட்டது. இதைவிடக் கொடிய நிலை ஒரு சிறுவனுக்கு வேறு என்ன வேண்டும்? போர்க்காலக் குழந்தைகளைப் பற்றிய வேறு படங்களும் உண்டு. 1952இல் ரெனே கிளெமான் எடுத்த ‘தடைசெய்யப்பட்ட விளையாட்டுகள்’ என்ற பிரெஞ்சுப் படத்தில், பெற்றோரை இழந்த ஒரு சிறுமியும் ஓர் உழவர் வீட்டுச் சிறுவனும் செத்த உயிர்களுக்குக் கல்லறை கட்டி விளையாடுகின்றனர். அக்குழந்தைகள் தம்மைச் சூழ்ந்த சாவின் பொருளை அறியாதவர்கள். மாலின் ஜூலியனோ அறிந்தவன். குழந்தைமை முடிந்து பொறுப்பு தொடங்கும் எல்லையில் அவன் நிற்கிறான். அந்த எல்லையை அவன் ஒரே பார்வையில் கடந்துவிடுகிறான்.

இப்போது என் முதற் கேள்விக்குத் திரும்புகிறேன். படம் கூறுவதெல்லாம் நடந்தவைதாமா? அல்ல. பள்ளியின் பெயரும் மனிதர்களின் பெயர்களும் மாற்றப்பட்டுள்ளன. படப்பிடிப்பு நடந்தது அவோனில் அன்று, ப்ரோவேன் நகரில். உண்மையான ஹான்ஸ் ஹெல்முட்டுடன் தமக்கு இருந்த பழக்கம் படத்தில் வரும் அளவு நெருக்கமானதன்று என்பதை மால் மறைக்கவில்லை. படத்தின் முடிவில் ஒலிக்கும் குரல், அடிகளார் மௌத்ஹௌசன் முகாமில் இறந்ததாகச் சொல்கிறது. அவர் விடுதலைக்குப் பின் லின்ஸ் மருத்துவமனையில் இறந்தார் என்பதை முன்னரே கண்டோம். எனவே ஜோசப்பின் செயலையும் ஜூலியனின் பார்வையையும் சான்றாக வைத்து அந்நாளின் வரலாற்றை எழுதுவது முறையாகாது.

ஆனால் இதனால் படத்தின் மதிப்புக் குறைந்துவிட்டதென்று நான் கருதவில்லை. ஒரு பார்வையை எந்த ஏடு பதிவு செய்யும்? நாடு கடத்தப்பட்டோரின் பட்டியலில் பெயர், பிறந்த நாள், பிறந்த ஊர், இரயில் புறப்பட்ட தேதி ஆகியவை இருக்கும். அப்பெயருக்குரிய சிறுவனின் நட்பை இழந்த மற்றொரு சிறுவன் முதுமை வரை என்ன சுமந்தான் என்பது எந்தப் பட்டியலிலும் இராது. ஏடு குற்றத்தைச் சொல்கிறது. இப்படம் கடனைச் சொல்கிறது. உயிர் பிழைத்தவன் தான் ஏதும் செய்யாதபோதும், ஏதும் செய்யாததனாலேயே, தன்னைக் கடன்பட்டவனாக உணர்கிறான். நெருங்கிப் பழகாமற்போன ஒருவனை நாற்பது ஆண்டுகளுக்குப் பின் கலையில் நண்பனாக்கிக்கொள்கிறான். அது பொய்யன்று, காலம் கடந்து செய்த நீர்க்கடன்.

அப்படம் வெளிவந்த காலத்தையும் நோக்க வேண்டும். போருக்குப் பின் நெடுநாள் வரை, பிரான்சு முழுவதும் எதிர்த்து நின்றது என்ற கதையே அந்நாட்டில் ஓங்கி ஒலித்தது. அக்கதையை ஐயுற்று மார்செல் ஓஃபுல்ஸ் எடுத்த ‘துயரமும் இரக்கமும்’ என்ற ஆவணப்படம், 1981 வரை பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் இடம் பெற முடியவில்லை. 1987 மே மாதம் முதல் ஜூலை வரை, லியோன் நகரில் முன்னாள் கெஸ்டாப்போத் தலைவன் கிளவுஸ் பார்பியின்மீது வழக்கு நடந்தது. 1944 ஏப்ரல் 6இல் இசியூ என்ற சிற்றூரின் விடுதியிலிருந்து 44 யூதக் குழந்தைகளைக் கவர்ந்து அனுப்பியது அவன் மீதான குற்றங்களுள் ஒன்று. அவனுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அதே ஆண்டில் மாலின் படம் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கப் பரிசு பெற்று, அக்டோபரில் பிரான்சில் வெளியாயிற்று. அடுத்த ஆண்டு ஏழு சேசர் விருதுகளையும் பெற்றது. நீதிமன்றம் அயலானைத் தண்டித்தது. படமோ பார்த்தவர்களைத் தம்முள்ளே நோக்கச் செய்தது. 1995 ஜூலை 16இல் குடியரசுத் தலைவர் ழாக் சிராக், அக்கொடுமைகளில் பிரெஞ்சு அரசுக்கும் பொறுப்பு உண்டு என்று வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். அவ்வாண்டு நவம்பரில் லூயி மால் காலமானார். ஒரு நாடு தன் தவற்றைத் தானே உரைப்பதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

நேயர்களே, 76,000 என்ற எண்ணை நாம் கேட்கிறோம், வருந்துகிறோம், சற்று நேரத்தில் மறந்தும்விடுகிறோம். எண் நம் அறிவில் தங்கும். நெஞ்சில் தங்குவது முகமே. ஆனால் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு எண்ணை விட்டுவிடுவதும் பிழை. ஒரு ழான் பொன்னேக்காகக் கண்ணீர் விட்டு எழுந்து போகிறவர், அவனைப் போன்ற 11,000 சிறுவர் சிறுமியரைப் பதிவேட்டில் எழுதியவர் யார், இரயிலில் ஏற்றியவர் யார், கண்டும் காணாமல் இருந்தவர் யார் என்று கேட்பதற்கும் கடமைப்பட்டவர். கண்ணீர் முதற்படி, விசாரணை இரண்டாம் படி. வரலாறு கற்பதன் பயன் இரண்டாம் படியில்தான் தொடங்குகிறது.

அடக்குமுறை பெரிய ஆணைகளால் வருகிறது. ஆனால் அது நிறைவேறுவது சிறிய செயல்களால்: ஒரு எழுத்தரின் பேனாவால், ஒரு காவலனின் கதவுத் தட்டலால், புண்பட்ட ஒருவனின் சொல்லால். அதைத் தடுத்தவையும் சிறிய செயல்களே. ஆலைத் தொழிலாளியின் மகன் ஒருவர் தம் பள்ளிப் பதிவேட்டில் மூன்று பொய்ப் பெயர்களை எழுதினார். எழுதும்போது அதன் விலையை அவர் அறியாதவர் அல்லர். அந்த மூவரையும் அவரால் காக்க முடியவில்லை, தம்மையும் காத்துக்கொள்ளவில்லை. ஆயினும் அந்தக் காலத்துப் பதிவேடுகள் அனைத்திலும், உண்மையை எழுதிய ஏடுகள் பல கொலைக்குத் துணைபோயின. பொய்யை எழுதிய அந்த ஏடு அறத்தின் பக்கம் நின்றது.

போய் வருகிறேன் என்று சொல்லிச் சென்றவர் வரவில்லை. அவர் சொன்ன சொல்லைப் பொய்யாக்காமல் காப்பது, அதைக் கேட்டு நின்ற பிள்ளைகளின் கையில் இருந்தது. அவர்களுள் ஒருவர் அதை நாற்பத்து மூன்று ஆண்டுகள் காத்து, உலகத்தின் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இனி அதைக் காக்க வேண்டியவர்கள் நாம்.